மீதிப் பதினெட்டுப் பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழின் ஆயுள் சந்தாதாரரும், இந்த மாத 'வாசகர் சாட்சியம்' பகுதியில் பதினோராம் பக்கத்தில் இடம்பெற்றிருப்பவரும், பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் காவலாளி நிறுவனங்களுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கும் டெய்லரும், தங்கள் கூடப்பிறந்த தங்கையை இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாமல் வைத்துக் காப்பாற்றி வருபவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், தலையங்கங்களைப் படித்தாலே தெரிகிறது. இங்கே யாரும் நலமில்லை. இதை மச்சானுக்கு எழுதும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மச்சானுக்கு என்றால் 'அன்புள்ள' என்று தொடங்கியிருப்பேன். இது ஆசிரியருக்கு எழுதும் மறுப்புக் கடிதம். சாட்சியம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முடிந்தால் அதே பூ வேலைப்பாடு போட்ட கட்டத்துக்குள் இதை வெளியிட வேண்டுகிறேன்.

மறுக்க வேண்டிய விஷயம் இதுதான். 'கண்ணை மூடினேன், கதவு திறந்தது' என்ற தலைப்பில் (தலைப்பு நான் வைத்ததல்ல, தாங்கள் வைத்தது) என் மகள், அதாவது தங்கள் மருமகள், மூன்றாண்டு வேதியியல் பட்டப் படிப்பை என் வேண்டுதலின் பலனாக முதல் வகுப்பில் முடித்துவிட்டாள் என்று வந்திருக்கிறது. அவள் முடிக்கவில்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து மாதமாக அவள் அந்தக் கல்லூரியிலேயே இல்லை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே எப்படி சாட்சியம் எழுதினாய் என்று தாங்கள் கேட்கக்கூடாது. இதழுக்கு இரண்டு மாதம் முன்பே விஷயம் வந்து சேர வேண்டும் என்று விதி வைத்திருப்பவர் தாங்கள். ஆண்டவன் கைவிடமாட்டான் என்ற உறுதியில் முன்கூட்டியே எழுதி அனுப்பினேன். அந்த உறுதியையும் பாராட்டி அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்தவர் தாங்கள்தான்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்றால் தங்கள் தலையங்கத்தில்தான். பதினான்கு மாதத்துக்கு முன்பு 'பக்தியும் பட்டமும்' என்று எழுதினீர்களே, நினைவிருக்கும். பிரார்த்தனை செய்யும் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நூறு பேரைக் கணக்கெடுத்ததில் எண்பத்திரண்டு பேர் நல்ல மதிப்பெண் எடுத்ததாக அதில் போட்டிருந்தது. எங்கே எடுத்த கணக்கு, யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மீதிப் பதினெட்டுப் பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்றும் அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டில் இரண்டு தாளில் கோட்டை விட்டுவிட்டு வந்து அவள் என் எதிரில் நின்றுகொண்டிருந்த நேரம் அது. "கெமிஸ்ட்ரி எனக்கு வரலப்பா. வேற ஏதாவது படிக்கட்டுமா?" என்றாள். "வரும். எல்லாம் வரும். நீ ஒழுங்கா பிரார்த்தனை பண்றதில்ல, அதான்" என்றேன். "பண்றேன்பா" என்றாள். "பண்ற லட்சணம்தான் மார்க்ல தெரியுதே" என்று சொல்லி அனுப்பிவிட்டு, தங்கள் தலையங்கத்தை இரண்டாம் முறை படித்தேன். பெற்றவர்கள் தங்களுக்கு மிகவும் தேவையான ஒன்றைப் பிள்ளைக்காக விட்டுக்கொடுக்க வேண்டும், அதை யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும் என்று கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் இருந்தது.

எதை விடுவது? இனிப்பை டாக்டர் ஏற்கனவே பிடுங்கிக்கொண்டார். உப்பில் பாதியை அவரே எடுத்துக்கொண்டார். புகை பிடிப்பதைத் தங்கள் தங்கை கல்யாணமான மறு வாரமே நிறுத்திவிட்டாள். என்னிடம் தேவையான பொருள் என்று மிஞ்சியிருந்தது மூக்குக் கண்ணாடி ஒன்றுதான். அது இல்லாவிட்டால் எனக்குக் கை நீளத்தில் இருப்பது துணியா மனிதனா என்று தெரியும், அவ்வளவுதான். எழுத்து என்பது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். என் மகள் பட்டம் வாங்கும்வரை கண்ணாடியைத் தொடமாட்டேன் என்று பிரார்த்தனைக் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, வெளியே வரும்போது தூணில் முட்டிக்கொண்டேன். அதையே ஆண்டவன் ஒப்புக்கொண்ட அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். புத்தி அப்படித்தான் போயிற்று.

அதன்பிறகு நடந்தவற்றை அப்போதே தங்களுக்கு எழுதியிருந்தால் ஒரு சிறப்பிதழ் போட்டிருப்பீர்கள். வீட்டின் முன்னறைதான் என் கடை என்பது தங்களுக்குத் தெரியும். இன்ச் டேப்பை விரலால் தடவித் தடவி அளவெடுத்து ஒரு காவலாளி நிறுவனத்துக்கு நாற்பது கால்சட்டை வெட்டினேன். எல்லாம் இடுப்பில் இரண்டு இன்ச் குறைந்துவிட்டது. அதைப் போட்ட காவலாளிகளால் உட்காரவே முடியவில்லை. ஒரு மாதம் இரவும் பகலும் நாற்பது பேரும் நின்றுகொண்டே காவல் காத்தார்கள். "இப்பதான் எங்க ஆளுங்க சுறுசுறுப்பா இருக்காங்க மாஸ்டர்" என்று அந்த மேலாளர் மகிழ்ந்து போய் இன்னொரு நாற்பதுக்கு ஆர்டர் கொடுத்தார். நான் மேலே பார்த்துக் கும்பிட்டேன். பிறகு ஒரு நாள், கூட வேலை பார்த்த பழைய கட்டிங் மாஸ்டர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் துக்கத்துக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி வேறொரு சாவு வீட்டுக்குள் நுழைந்து, வேறொருவர் காலடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்த மனிதருக்காக அழுதது நான் ஒருத்தன்தானாம். இன்றுவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாவும் நானும் எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

தங்கள் தங்கை கேட்காமல் இருப்பாளா? "கண்ணாடி எங்க?" என்றாள். வேண்டுதலைச் சொல்லக்கூடாதே. "பார்வை தானா சரியாயிடுச்சு, இனிமே கண்ணாடி வேண்டாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். விடுதிச் சமையலறையில் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஏழுக்குத் திரும்புகிறவள், என்னைக் கவனித்துப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? நம்பிவிட்டாள். நம்பியதோடு விட்டாளா? 'என் கணவரின் கண் பார்வை திரும்பியது' என்று தங்களுக்கே ஒரு சாட்சியம் எழுதிப் போட்டாள். தாங்களும் அதை அச்சிட்டு, ஒரு பிரதியைக் கூடுதலாக அனுப்பி வைத்தீர்கள். அதை வீட்டில் என் மகள்தான் சத்தமாகப் படித்தாள். "சூப்பர்ப்பா! நிஜமாவே நல்லா தெரியுதா?" என்று என் முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டினாள். மூன்று என்றுதான் சொன்னேன். குருட்டு அதிர்ஷ்டம்.

பார்வை திரும்பியவன் படிக்காமல் இருக்க முடியாது அல்லவா? அதற்கு ஒரு முறை கண்டுபிடித்தேன். யாராவது காகிதம் கொடுத்தால் ஒரு முழம் தள்ளிப் பிடிப்பேன். தலையை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துவேன். ஒரு பக்கத்துக்கு முப்பது எண்ணுவேன். பதினைந்தில் நிறுத்தி "ம்" என்பேன். முப்பதில் தலையை ஆட்டிவிட்டு, பொதுவாக எதற்கும் பொருந்துகிற மாதிரி நல்ல வார்த்தை ஒன்று சொல்வேன். மின் கட்டண ரசீதைப் பார்த்து "மகிழ்ச்சி" என்று சொல்லித் தங்கள் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் அதில் வந்த தோல்வி. மற்றபடி அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ஆசிரியர் அவர்களே, நன்றாக வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று.

மூன்று காகிதங்கள் வந்தன. முதல் காகிதம் ஏழெட்டு மாதத்துக்கு முன்னால். அவள் கட்டிங் மேசைக்கு எதிரில் வந்து நின்று, "காலேஜ்ல இருந்து லெட்டர்ப்பா. படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்" என்றாள். முப்பது எண்ணினேன். எல்லா வருடமும் வருகிற சுற்றுலா அனுமதி என்று நினைத்தேன். "இதெல்லாம் எதிர்பார்த்ததுதானே" என்று சொல்லி அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "கோவம் இல்லையாப்பா?" என்றாள். "எதுக்குக் கோவம்?" என்றேன். நேற்றுதான் தெரிந்தது, அது வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை. அடுத்த மாதம் இரண்டாவது காகிதம். "என்னம்மா இது?" என்று கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். "வாயால சொல்ல வரலப்பா. நீங்களே படிச்சுக்கோங்க" என்றாள். ஏதோ பெண் பிள்ளைக்குக் கூச்சமான மருத்துவப் பரிசோதனை விஷயம் போல என்று நினைத்து, முப்பதைக்கூட இருபதாகக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அது தேர்வு எழுத அனுமதியில்லை என்ற கடிதம். மூன்றாவது காகிதம் வந்தபோது அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "நீங்க சம்மதிச்சாத்தான்ப்பா இது. இல்லன்னா வேண்டாம்" என்றாள். பட்டமளிப்பு விழாவில் மேடை ஏறப் பெயர் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். "சம்மதிக்காம என்ன? உன் சந்தோஷம்தானே எங்க சந்தோஷம்" என்றேன். என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு அந்த இரண்டு விரல் நுனி ஈரமாக இருந்த மாதிரியே இருந்தது. அது, பெயரை நீக்கச் சம்மதம் என்று பெற்றவர் எழுதிக் கொடுக்கும் படிவம்.

நேற்று முடிவு வெளியானது. நான் யாருக்கும் சொல்லாமல், நானே தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் கண்ணாடியையும் கையில் தங்கள் இதழையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் அவள் எண்ணைப் பார்க்கிற அந்த நிமிடத்தில்தான் கண்ணாடியைப் போட வேண்டும் என்று திட்டம். பலகைக்கு முன்னால் நின்று, கூட்டத்தை விலக்கி, கண்ணாடியைத் துடைத்து, ஆண்டவனை நினைத்துப் போட்டேன். பதினான்கு மாதத்துக்குப் பிறகு உலகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பட்டியலில் அவள் எண் இல்லை என்பதும் தெளிவாகவே தெரிந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பக்கத்தில் ஒட்டியிருந்த இயற்பியல் பட்டியலில்கூடத் தேடினேன்.

அலுவலகத்தில் ஒரு கிளார்க் அம்மா இருந்தார்கள். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசை.

"ரோல் நம்பர் விட்டுப்போச்சும்மா. அச்சுப் பிழை போல."

"அச்சுப் பிழை எல்லாம் இல்ல சார். நீங்கதானே பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கீங்க?" கோப்பை எடுத்து மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்தார்கள். "இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் போடல."

அந்த அம்மா தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அப்படின்னா?"

"நான் போட்டேன். ஆனா படிக்கல."

"மூணையுமா?"

"மூணையும்."

"நல்ல அப்பா சார் நீங்க" என்று சொல்லிவிட்டு, நான் மேசையில் வைத்த தங்கள் இதழைப் புரட்டினார்கள். பதினோராம் பக்கத்தில் என் மகள் படம் இருந்ததா, அதைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற பதினைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி தலைப்பை வாய்விட்டுப் படித்தார்கள். யாரோ சிரித்தார்கள். இதழை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் என் மகளோடு படித்த பெண் ஒருத்தி, கையில் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். "அங்கிள், அவ வரலையா? ஓ, மருந்துக் குடோன்ல லீவ் கிடைச்சிருக்காது" என்றாள். எந்த மருந்துக் குடோன் என்று நான் கேட்கவில்லை, தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினேன், ஆட்டி ஆட்டிப் பழகிவிட்டது. அவளே சொன்னாள். ஐந்து மாதமாக என் மகள் ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். காலை எட்டுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு "போய்ட்டு வரேன்பா, இன்னைக்கு சூப்பர்வைசர் லீவு" என்று சொல்லிவிட்டுப் போவாளே, அது ஆய்வுக் கூடத்து சூப்பர்வைசர் இல்லையாம். "உங்களைப் பத்திதான் எப்பவும் சொல்லுவா அங்கிள். எங்கப்பா எல்லாத்தையும் படிச்சுட்டு ஒரு வார்த்தைகூடத் திட்டல, அந்த மாதிரி அப்பா யாருக்கும் கிடைக்கமாட்டாங்கன்னு" என்றாள் அந்தப் பெண்.

பார்த்தீர்களா மச்சான்! (ஆசிரியர் என்று எழுதப் பழகிய கை நழுவுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) என்ன சாமர்த்தியம்! என்ன நெஞ்சழுத்தம்! நேற்று முழுக்க யோசித்துவிட்டேன். எந்தப் பெண்ணாவது இப்படிப்பட்ட மூன்று காகிதத்தை அப்பன் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பாளா? கொடுக்கமாட்டாள். எனக்குக் கண் தெரியவில்லை என்பதை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறாள். தெரிந்துகொண்டு, ஒரு குருடன் கையில் பேனாவைக் கொடுத்து, இங்கே போடு அங்கே போடு என்று விரல் வைத்துக் காட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டு, மேலுக்கு ஒரு கண்ணீரும் விட்டிருக்கிறாள். ஊரெல்லாம் என்னைத் தங்கமான அப்பா என்று சொல்லிக்கொண்டு திரிவது அந்தப் பித்தலாட்டத்துக்குப் பூசுகிற சாயம். நான் தூணில் முட்டியது, நாற்பது பேரை நிற்க வைத்தது, முன்பின் தெரியாத பிணத்துக்கு அழுதது எல்லாம் யாருக்காக? எனக்கு வயிறு எரிகிறது மச்சான். நேற்று இரவு தலைவலி என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இன்று காலை அவள் கிளம்பிய பிறகு அவள் துணிமணியை எல்லாம் அள்ளி ஒரு பையில் திணித்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாள். வந்ததும் நிற்க வைத்துச் சொல்லப் போகிறேன். "நீ கொடுத்த எதையும் நான் படிக்கல. ஒரு எழுத்துகூடப் படிக்கல. நீ ஏமாத்தினது ஒரு குருடனை. இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்ல" என்று சொல்லப் போகிறேன். தங்கள் தங்கை ஏழு மணிக்குத்தான் வருவாள், அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். நாளைக் காலைப் பேருந்தில் என் மகள் தங்கள் வீட்டுக்கு வந்து சேருவாள். பக்தி இருந்தால் பட்டம் வரும் என்று எழுதியவர் தாங்கள். மீதிப் பதினெட்டில் ஒன்றைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுதல் பொய், தங்கள் கணக்குப் பொய், பதினோராம் பக்கம் பொய். கண்ணை மூடினால் எந்தக் கதவும் திறப்பதில்லை, தூண்தான் இடிக்கிறது. இதை அப்படியே ஒரு வார்த்தை குறைக்காமல் அச்சிட வேண்டும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் முழங்கால் வலி குறையவும், இதழ் மேலும் வளரவும் வேண்டிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் இப்போதைக்கு நான் யாருக்காகவும் வேண்டிக்கொள்வதாக இல்லை.

இப்படிக்கு,
ஆயுள் சந்தாவை ரத்து செய்ய முடியுமா என்று யோசிக்கும்,
தங்கள் பணிவுள்ள,
யூனிஃபார்ம் டெய்லர்

பி.கு.

மச்சான், மேலே எழுதியதை அச்சிட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். தங்கச்சிக்கும் சொல்ல வேண்டாம். கிழித்த பிறகு இந்தப் பின்குறிப்பையும் போட்டுவிடுங்கள்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிவரை சும்மா இருக்க முடியாமல், காவலாளிச் சட்டைக்குக் காலர் வெட்ட ஆணியில் மாட்டியிருந்த அளவுக் காகிதத்தை எடுத்தேன். காலர், கைப்பட்டை, பாக்கெட் மூடி எல்லாவற்றுக்கும் கெட்டிக் காகிதத்தில் அளவு வெட்டி மாட்டி வைப்போம், அதைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவது எங்கள் தொழில். ஐந்து மாதமாக அந்தக் காலர் காகிதத்தை வைத்து நூறு சட்டைக்கு மேல் வெட்டியிருப்பேன். இன்று கண்ணாடி மூக்கில் இருந்தது. காகிதம் முழுக்க நீல மையில் எழுத்து. என் மகள் எழுத்து.

நாலாவது ஒரு காகிதம் இருந்தது மச்சான். அது கல்லூரிப் படிவம் இல்லை, கையெழுத்து கேட்கவில்லை, அதனால் நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, இந்த நிமிடம்வரை மறந்தே போயிருந்தேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு நாள் மத்தியானம். நாலு பக்கம், கெட்டிக் காகிதம். "இதை முழுசா படிங்கப்பா" என்று கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். அன்றைக்கு எனக்கு அவசர ஆர்டர். நாலு பக்கத்துக்கும் சேர்த்து ஐம்பது எண்ணினேன். கல்லூரியில் எழுதச் சொன்ன கட்டுரை என்று நினைத்தேன். "நல்லா எழுதியிருக்க. கையெழுத்து அழகா இருக்கு. போய்ச் சாப்பிடு" என்றேன். "அவ்வளவுதானாப்பா?" என்றாள். "வேற என்ன? இதுல திட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பாத்திரத்தில் இருந்த சோறு மொத்தத்தையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். காரம் போல என்று தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். காகிதம் நல்ல கெட்டியாக இருந்ததா, அன்று சாயங்காலமே அளவு வெட்டிவிட்டேன்.

காலர் துண்டில் இருப்பது இது: "பிரார்த்தனை பண்ணலன்னு மட்டும் நினைக்காதீங்கப்பா. அம்மாவை விட அதிகமா பண்ணியிருக்கேன். கண்ணை மூடினா ஃபார்முலா எல்லாம் போயிடுது. இருபது நாளா சரியா தூங்கல." பாக்கெட் மூடியில்: "ரயில்வே கேட் வரைக்கும் ரெண்டு தடவை போய்த் திரும்பிட்டேன்." கைப்பட்டையில்: "நான் வாசல்லயே நிப்பேன். படிச்சிட்டு நீங்க ஒரு வார்த்தை திட்டினீங்கன்னாலும் அப்படியே போயிடுவேன். திட்டலன்னா" என்று இருக்கிறது. அதற்குமேல் என் கத்தரிக்கோல் போயிருக்கிறது.

அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். முதல் பக்கம் முடிவதற்கு முன்பே சொல்லியிருப்பேன், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இதை வேண்டுதலின் பலன் என்று சொல்வதா, என் முட்டாள்தனத்தின் பலன் என்று சொல்வதா, எனக்குப் புரியவில்லை. தலையங்கத்தில் தயவுசெய்து இதற்கு விளக்கம் எழுத வேண்டாம். மறுப்பும் வேண்டாம், மறுப்பு வந்தால் அவள் படிப்பாள், படித்தால் நான் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். பதினோராம் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்டால், மாமாதான் தப்பாகப் போட்டுவிட்டார் என்று உங்கள் தலையில் கட்டிவிடுகிறேன், தாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு, பார்வை மறுபடி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு உங்கள் தங்கை சாட்சியம் எழுதமாட்டாள்.

மணி ஐந்தரை ஆகிறது. பையில் திணித்ததை எல்லாம் மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தாகிவிட்டது. குப்பைச் சாக்கு மூன்றையும் முன்னறை முழுக்கக் கொட்டிப் பார்த்துவிட்டேன், கைப்பட்டைக்கு அடுத்த துண்டு கிடைக்கவில்லை. ஐந்து மாதக் குப்பையில் அது எப்போதோ போயிருக்கும். 'திட்டலன்னா' என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மச்சான். அவளிடமே கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான்தான் படித்துவிட்டேனே.